வீட்டுக்கு வயசாகும், ஆயாவுக்கு வயசாகாது

ஆயாவின் தகரப்பெட்டியில் மூன்று கட்டுகள் இருந்தன. ஒன்று, யார் யாருடையதோ கல்யாணப் பத்திரிகைகள். இன்னொன்று, பழைய கரண்டு அட்டைகள். மூன்றாவது, நூல்கயிற்றால் இறுக்கிக் கட்டின வீட்டு வரி ரசீதுகள். 2024 அக்டோபரில் காரிமங்கலம் போயிருந்தபோது அந்த மூன்றாவது கட்டைத்தான் ஆயா என் மடியில் போட்டாள்.

"இதப் பாரு கண்ணு. போன தடவ வேற, இந்தத் தடவ வேற. நான் என்ன மாடி கட்டினனா?"

பார்த்தேன். பல வருசமாக அரையாண்டுக்கு 412 ரூபாய். 2022-இல் அது 721 ஆகியிருந்தது. இப்போது 764. மாடி கட்டவில்லை. சொல்லப்போனால் பின்கட்டில் ஒரு சுவர் விழுந்து வீடு கொஞ்சம் சின்னதாகத்தான் ஆகியிருந்தது. தாத்தாவும் அவருடைய தம்பியும் சேர்ந்து, இரண்டு குடும்பமும் ஒன்றாக இருப்பதற்காகக் கட்டின வீடு. 1,400 சதுர அடி. இப்போது அதில் 78 வயதான ஒரே ஒரு ஆள். ஆயா புழங்குவது அடுப்படியும் முன்னறையும்தான். மற்ற அறைகளில் உடைந்த கட்டில், புளி மூட்டை, பித்தளை அண்டா.

வரி கட்டுகிற இடத்தில் இருந்த பையன் பொறுமையாகத்தான் சொன்னான். 2022 ஏப்ரல் முதல் சதுர அடியை வைத்து நாலு படி. 600 வரைக்கும் 25 சதவீத உயர்வு, 1,200 வரைக்கும் 50, 1,800 வரைக்கும் 75, அதற்கு மேலே 100. உங்க வீடு மூன்றாவது படி. இந்த வருசம் அதுக்கு மேல 6 சதவீதம்.

"வயசானவங்களுக்குக் கழிவு ஏதாவது இருக்குதா சாமி?"

"இல்ல பாட்டி. மாசக் கடைசிக்குள்ள கட்டினா எல்லாருக்கும் 5 சதவீதம் கழிவு உண்டு."

38 ரூபாய். ஆயா அதை வாங்கிக்கொண்டாள். வரும் வழியில் ஒரு கேள்வி கேட்டாள். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதுதான் இந்தக் கட்டுரை.

"எதை வெச்சு போடறாங்க இந்த வரிய?"

வாடகையை வைத்து, என்றேன். இந்த வீட்டை வாடகைக்கு விட்டால் வருசத்துக்கு எவ்வளவு வருமோ, அதிலிருந்து ஒரு பங்கு.

ஆயா நடுரோட்டில் நின்றுவிட்டாள். "வாடகைக்கு விட்டா நான் எங்க படுக்கறது?"

*

வீட்டின் மேல் வரி போடுவது நேற்று வந்த யோசனை இல்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'மனை இறை' வருகிறது. விஜயநகர காலத்தில் 'வாசல் பணம்' என்ற பெயரைப் பார்க்கலாம். வீட்டுக்கு ஒரு வாசல், வாசலுக்கு ஒரு பணம். அதே சோழர் காலத்தில் இன்னொரு வழக்கமும் இருந்தது. ஒரு ஊரின் நிலத்தை அளந்து வரி கணக்கிடும்போது கோயில், குளம், வாய்க்கால், சுடுகாடு இவற்றோடு ஊர் நத்தத்தையும், அதாவது மக்கள் குடியிருக்கும் இடத்தையும், கழித்துவிட்டுத்தான் மீதிக்கு வரி போட்டார்கள். ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொடுத்த ஊர்களின் கணக்கு அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. நிலம் விளைகிறது, அதனால் இறை. வீடு விளையாது, அதனால் கழிவு. வேறு பெயர்களில் வீட்டுக்காரரிடமிருந்தும் வாங்கத்தான் செய்தார்கள் என்பது உண்மை. ஆனாலும் விளைச்சல் வேறு, குடியிருப்பு வேறு என்ற எண்ணம் கணக்கெழுதியவர்களின் தலைக்குள் இருந்திருக்கிறது.

அடுத்த காட்சி எங்கள் வட்டாரத்திலேயே நடக்கிறது. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் திப்பு சுல்தான் பாராமகாலைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். கிருஷ்ணகிரி, தருமபுரி சுற்றுவட்டாரம் முழுக்கக் கம்பெனி கைக்கு வந்தது. நிர்வாகம் செய்ய வந்தவர்கள் ராணுவ அதிகாரிகள். கேப்டன் அலெக்சாண்டர் ரீட் தலைவர். மக்லியோட், கிரஹாம், தாமஸ் மன்றோ மூன்று பேரும் உதவியாளர்கள். மன்றோ தருமபுரியில் இருந்துகொண்டு 1799 வரை வரி வேலை பார்த்தார். நடுவில் ஜமீன்தார் கிடையாது, ஒவ்வொரு விவசாயியோடும் அரசாங்கம் நேரடியாகக் கணக்கு வைத்துக்கொள்ளும் என்ற ரயத்வாரி முறை முதலில் பழகிப் பார்க்கப்பட்டது இங்கேதான். பிற்பாடு அது சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்குப் போனது. இன்றைக்கு நாம் 'பட்டா', 'சர்வே நம்பர்' என்று பேசுவதெல்லாம் அந்த மண்ணிலிருந்து முளைத்த பேச்சு.

ரயத்வாரி நல்லதா கெட்டதா என்று நூறு வருசம் சண்டை போட்டிருக்கிறார்கள். எனக்கு இங்கே வேண்டியது அதில் ஒரே ஒரு விஷயம்: வஜா. மழை பொய்த்து வெள்ளாமை போனால், ஜமாபந்தியில் கணக்குப் பார்த்து வரியில் கொஞ்சம் தள்ளிக் கொடுப்பார்கள். எப்போதும் நியாயமாகக் கொடுத்தார்கள் என்று சொல்ல வரவில்லை. அதற்காகக் கெஞ்சினவர்கள், லஞ்சம் கொடுத்தவர்கள், கிடைக்காமல் ஊரை விட்டே போனவர்கள் எல்லோரும் உண்டு. ஆனால் கொள்கை அளவில் கம்பெனியே ஒப்புக்கொண்ட ஒன்று இது: வருமானம் இல்லாத வருசம் வரியும் குறைய வேண்டும். பயிர் காய்ந்தால் வஜா. சரி, பயிர் வைத்த ஆளே காய்ந்துபோனால்?

*

நிலவரிக்குப் பக்கத்திலேயே இன்னொரு வரி ஓடிக்கொண்டிருந்தது. பெயர் மோத்தர்பா. அரபு மூலச் சொல். தறி, செக்கு, கடை, கைத்தொழில், பல இடங்களில் வீடு, இவற்றின் மேலெல்லாம் போட்ட சில்லறை வரிகளுக்குச் சேர்த்து வைத்த பெயர். ஊருக்கு ஊர் விகிதம் மாறும். கையில் உளி இருந்தால் வரி, வீட்டில் தறி இருந்தால் வரி. அந்தத் தறி அந்த வருசம் ஓடியதா என்பது இரண்டாவது கேள்விதான். 1852-இல் கஜுலு லட்சுமிநரசு செட்டியின் சென்னை சுதேசி சங்கம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மனுவில் இந்த மோத்தர்பாவும் ஒரு முறையீடாகப் போனது. 1861-இல் அது ஒழிக்கப்பட்டது. அதற்கு முந்தின ஆண்டு வருமான வரி வந்துவிட்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 'உன்னிடம் என்ன இருக்கிறது' என்பதிலிருந்து 'உனக்கு என்ன வருகிறது' என்பதற்கு அரசாங்கம் ஒரு எட்டு நகர்ந்தது.

வடக்கே இதற்கு ஐம்பது வருசம் முன்பே சண்டை நடந்துவிட்டது. 1810-இல் கம்பெனி வங்காள மாகாணத்து நகரங்களில் வீட்டு வரி போட்டது. காசி நகரத்து மக்கள் கடையை அடைத்து, தொழிலை நிறுத்தி, வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்கு வெளியே வெட்டவெளியில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். வீட்டுக்குத்தானே வரி, நாங்கள் வீட்டிலேயே இல்லை! கடைசியில் வரி கைவிடப்பட்டது. தரம்பால் 1971-இல் அந்த ஆவணங்களைத் தேடி எடுத்துப் புத்தகமாகப் போட்ட பிறகுதான் நம்மில் பலருக்கு இது தெரியும். காந்திக்கு நூறு வருசத்துக்கு முன்னால் ஒரு ஒத்துழையாமை, அதுவும் வீட்டு வரிக்காக.

ஆனால் வீட்டு வரி செத்துப்போகவில்லை. வேறு சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்தது. இந்த முறை அரசருக்கோ கம்பெனிக்கோ இல்லை. உள்ளூருக்கு. தெருவிளக்கு, சாக்கடை, குடிதண்ணீர். 1884-இல் வந்த மாவட்ட நகராட்சிச் சட்டமும் உள்ளாட்சி வாரியச் சட்டமும், பிறகு 1920-இன் மாவட்ட நகராட்சிச் சட்டமும் இதற்கு உருவம் கொடுத்தன. 1998-இல் எழுதப்பட்ட நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வரும்வரை, கிட்டத்தட்ட நூறு வருசம், தமிழ்நாட்டு நகராட்சிகளின் சொத்து வரியை 1920 சட்டம்தான் நடத்தியது.

*

ஆயாவின் கேள்விக்குப் பதில் அந்தச் சட்டத்தின் ஒரு வரியில் இருக்கிறது. ஒரு கட்டடத்தின் ஆண்டு மதிப்பு என்பது, அதை வாடகைக்கு விட்டால் 'நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய' வாடகை. விட்டாயா இல்லையா என்பது பேச்சே இல்லை. விட்டால் எவ்வளவு, அதுதான்.

இந்த 'நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய' என்ற சொல்லமைப்பு நம் ஊரில் பிறந்ததில்லை. இங்கிலாந்தின் 1836 சட்டம் ஒன்றிலிருந்து கப்பலேறி வந்தது. அங்கே அது எதற்காக வசூலான வரி தெரியுமா? ஏழைகளைப் பராமரிக்க. 1601-இல் எலிசபெத் ராணி காலத்து ஏழைகள் சட்டப்படி ஒவ்வொரு திருச்சபை வட்டாரமும் தன் எல்லைக்குள் வசதி உள்ளவர்களிடம் வரி வாங்கி, வேலை செய்ய முடியாதவர்களுக்குச் சோறு போட வேண்டும். ஊனமுற்றோர், பார்வையற்றோர், முதியோர். ஆக, நம் சொத்து வரியின் கொள்ளுத்தாத்தா பிறந்ததே கிழவிகளுக்குக் கஞ்சி ஊற்றத்தான். அது காரிமங்கலத்துக்கு வந்து சேர்ந்தபோது கிழவியிடமே கை நீட்டுகிறது.

சட்டம் ஈரமில்லாதது என்று சொல்லிவிட முடியாது. 1920 சட்டத்தில் விலக்குகள் இருந்தன. வழிபாட்டு இடம், சத்திரம், கல்விக்கூடம், பழங்காலச் சின்னம், சுடுகாடு. வீடுகளுக்கும் ஒரு சலுகை இருந்தது: பராமரிப்புச் செலவுக்காகக் கட்டடத்தின் பங்கு வாடகையில் 10 சதவீதக் கழிவு. சென்னைக் கணக்கில் மாத வாடகை மதிப்பை 12-ஆல் பெருக்காமல் 10.92-ஆல் பெருக்குவார்கள். அந்த விநோத எண் இப்படித்தான் வருகிறது: மதிப்பில் 90 சதவீதம் கட்டடம், அதில் 10 சதவீதம் கழிவு, ஆக மொத்தம் 9 சதவீதம் போனது போக மீதி. ஓடு உதிரும், சுவர் விரியும், காரை பெயரும் என்று சட்டத்துக்குத் தெரியும். மூட்டு தேயும் என்பது தெரியாது. வீட்டுக்கு வயசாவதை ஒப்புக்கொள்கிற சட்டம், வீட்டுக்காரருக்கு வயசாவதை ஒப்புக்கொள்ளவில்லை.

இன்னொன்று இருக்கிறது. படித்தபோது சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. அதே சட்டத்தில், ஒரு கட்டடம் அரையாண்டில் தொடர்ந்து 30 நாளோ அதற்கு மேலோ ஆளில்லாமல் காலியாகக் கிடந்தால், அந்த நாட்களுக்குத் தகுந்தபடி கட்டட வரியில் பாதி வரை தள்ளுபடி கேட்கலாம். அதாவது, ஆயா பெங்களூரில் மாமா வீட்டுக்குப் போய்விட்டால் வீட்டுக்குச் சலுகை. ஆயா விளக்கேற்றி, வாசல் தெளித்து, அங்கேயே கிடந்தால் முழு வரி.

*

சரி, வயதை அரசாங்கத்துக்குத் தெரியவே தெரியாதா? நன்றாகத் தெரியும். வருமான வரியின் பழைய முறையில் 60 வயதானால் விலக்கு வரம்பு 3 லட்சம், 80 தாண்டினால் 5 லட்சம். 2007-இன் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 60 என்று கோடு போட்டிருக்கிறது. ரயிலில் கட்டணச் சலுகை இருந்தது, 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 1962-லிருந்தே இருக்கிறது. ஆனால் அதன் அடிப்படைச் சொல் 'ஆதரவற்ற'. சொத்துக்கு ஒரு வரம்பு, வளர்ந்த பிள்ளைகள் உண்டா என்ற கேள்வி. சொந்த வீடு என்பது அங்கே வறுமை இல்லை என்பதற்கான சாட்சியாக நிற்கிறது. ஆயா மாதிரி ஆட்கள் நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள். ஓய்வூதியம் கேட்கப்போனால் வீடு இருக்கிறது என்பார்கள். வரி கட்டப்போனால் வீடு பெரிசு என்பார்கள்.

"வீடு என்ன எனக்குச் சோறா போடுது?" என்பது ஆயாவின் வாதம். பொருளாதார வகுப்பில் இதற்குப் பெரிய பெயர்கள் உண்டு. ஆயாவின் வாக்கியமே போதும் என்று நினைக்கிறேன்.

இந்தச் சிக்கலை மற்ற இடங்கள் எப்படிக் கையாண்டன? அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் 1964-இல் ஒரு வழி கண்டது. முதியவரின் வருமானத்தில் ஒரு அளவுக்கு மேல் வீட்டு வரி போனால், தாண்டின பாரத்தில் ஒரு பங்கை மாநிலம் திருப்பிக் கொடுக்கும். லோடு அதிகமானால் டிரிப்பர் விழுகிற மாதிரி, அந்தப் பெயரையே அதற்கு வைத்தார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா 1974-இல் இன்னொரு வழி: மூத்தவர்கள் வரியை இப்போது கட்ட வேண்டாம். ஊராட்சிக்கு மாகாணம் கட்டிவிடும். வீடு கைமாறும்போது வட்டியோடு வசூலித்துக்கொள்ளும்.

கலிபோர்னியா இதில் எதையும் சரியாகச் செய்யாமல் காலம் தாழ்த்தியது. வீட்டு விலை ஏறியது, வரி அதன் பின்னாலேயே ஏறியது, ஓய்வுபெற்ற கிழவர்கள் வீட்டை விற்க வேண்டியிருக்கிறது என்ற கதைகள் ஊரெங்கும் பரவின. 1978 ஜூன் 6 அன்று வாக்கெடுப்பில் 'பதின்மூன்றாம் முன்மொழிவு' ஜெயித்தது. வரி மதிப்பில் 1 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, அந்த மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது. பாட்டிமார்களைக் காட்டித்தான் பிரச்சாரம் நடந்தது. ஆனால் பெரிய கம்பெனிகளின் கட்டடங்களுக்கும் அதே சலுகை போனது. பள்ளிக்கூடங்களும் உள்ளாட்சிகளும் பெரிய வருமானத்தை இழந்தன. ஒரே தெருவில் ஒரே மாதிரி இரண்டு வீடுகளுக்கு, வாங்கின வருசத்தைப் பொறுத்து, பல மடங்கு வித்தியாசத்தில் வரி. சின்ன நியாயத்தைத் தள்ளிப்போட்டால் அது பெரிய அநியாயமாகத் திரும்பி வரும் என்பதற்கு நல்ல உதாரணம்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். டெல்லி மாநகராட்சியில் மூத்த குடிமக்கள் தாங்களே குடியிருக்கும் ஒரு வீட்டுக்கு, 200 சதுர மீட்டர் வரை, 30 சதவீதம் தள்ளுபடி உண்டு. மும்பையில் 2022 ஜனவரியிலிருந்து 500 சதுர அடி வரையான வீடுகளுக்குச் சொத்து வரியே இல்லை. அது வயதைப் பார்க்காமல் அளவைப் பார்க்கிறது. நம்முடைய நாலு படிகளும் அளவைத்தான் பார்க்கின்றன. நகரத்துக்கு அது ஓரளவு பொருந்தும், அங்கே பெரிய வீடு என்றால் பெரிய பணம். எங்கள் ஊரில் பெரிய வீடு என்றால் ஒரு காலத்தில் பெரிய குடும்பம், அவ்வளவுதான். குடும்பம் ஓசூருக்கும் பெங்களூருக்கும் போய்விட்டது. சதுர அடி மட்டும் இங்கேயே இருக்கிறது.

*

மறுபக்கமும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் ஆயாவுக்காக நான் வக்கீல் வேலை பார்த்ததாக ஆகிவிடும்.

2022-இல் தமிழ்நாட்டில் 490 பேரூராட்சிகள் இருந்தன. பெரிய தொழிற்சாலையும் மாலும் இல்லாத இடங்கள் நிறைய. செவ்வாய்ச் சந்தையின் சுங்க ஏலம், தண்ணீர்க் கட்டணம், சொத்து வரி, இப்படிச் சில்லறை சில்லறையாகத்தான் காரிமங்கலம் மாதிரி ஊர்களுக்குச் சொந்த வருமானம். மீதிக்கு மேலே இருந்து வரும் பணத்தை எதிர்பார்க்க வேண்டும். அதற்கும் 15-ஆவது நிதிக்குழு ஒரு நிபந்தனை போட்டது. மாநில உற்பத்தி வளரும் அளவுக்குச் சொத்து வரி வசூலும் வளர வேண்டும், இல்லாவிட்டால் மானியம் கிடையாது. ஆயாவின் ரசீதில் 412 என்பது 721 ஆன கதைக்கு டெல்லியிலும் ஒரு கை இருக்கிறது. அந்தக் காசில்தான் ஆயா வாசலில் குப்பை வண்டி வருகிறது, ராத்திரி தெருவிளக்கு எரிகிறது. தெருவிளக்கு எரியாவிட்டால் முதலில் தடுக்கி விழப்போவது ஆயாதான்.

வயதை மட்டும் பார்த்துச் சலுகை கொடுத்தாலும் சிக்கல். நெடுஞ்சாலை ஓரமாக நாலு கடையும் மேல்மாடி வாடகையும் வாங்குகிற 65 வயதுக்காரரும் மூத்த குடிமகன்தான். வீட்டைத் தாத்தா பெயருக்கு மாற்றிவிட்டு மகன் அனுபவிப்பான். இன்னொரு பக்கம், சொந்த வீடே இல்லாமல் வாடகைக்கு இருக்கும் கிழவிக்கு இந்தச் சலுகையால் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை. அவள் வாடகைக்குள் வீட்டுக்காரரின் வரியும் சேர்ந்தேதான் இருக்கிறது.

அதனால் எனக்குச் சரியென்று படுவது இதுதான். தானே குடியிருக்கும் ஒரே வீடு, வேறு வாடகை வருமானம் இல்லை, குறிப்பிட்ட வயது, இந்த மூன்றும் பொருந்தினால் தேர்ந்தெடுக்கும் உரிமை வேண்டும். ஒன்று, உயர்வு மட்டும் நிற்கட்டும். இல்லையென்றால், வரியைத் தள்ளிவைத்து, வீடு கைமாறும்போது வாங்கிக்கொள்ளட்டும். பேரூராட்சிக்கு வர வேண்டியதை அதுவரை மாநிலம் கொடுக்கட்டும். ஓசூரிலும் பெங்களூரிலும் இருக்கும் பிள்ளைகள் வீட்டைப் பங்கு பிரிக்கும் அன்றைக்கு அந்தக் கணக்கைத் தீர்க்கட்டும். பயிர் காய்ந்த வருசத்துக்கு வஜா கொடுக்கத் தெரிந்த மண் இது. கூடவே ஒத்திவைக்கவும் கற்றுக்கொள்ளலாம்.

*

இதையெல்லாம் ஆயாவிடம் சொன்னேன். தள்ளிவைக்கிற யோசனையைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது.

"நான் செத்தப்புறம் என் பேர்ல கடன் இருக்கணுமா?"

"கடன் இல்ல ஆயா. சும்மா கணக்கு."

"ரெண்டும் ஒண்ணுதான். அதெல்லாம் வேணாம்." கொஞ்ச நேரம் வெற்றிலை மடித்தாள். "கொறைச்சுக் குடுத்தா வாங்கிக்கலாம். அது மரியாத. நிறுத்தி வெக்கறது வேற."

மூன்று பக்கம் குறிப்பெடுத்து நான் கட்டின திட்டத்தில் பாதி அங்கேயே விழுந்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் அது வேலை செய்திருக்கலாம். இங்கே ரசீது என்பது பணம் கட்டின சாட்சி மட்டும் இல்லை. இந்த வீடு என்னுடையது, நான் யாருக்கும் பாக்கி இல்லை என்று வருசத்துக்கு இரண்டு தடவை கையில் வாங்கும் காகிதம் அது. நத்தத்தில் குடியிருந்துகொண்டு, பட்டா கைக்கு வராமல் பல வருசம் காத்திருந்த குடும்பங்களுக்கு, 'வீடு எங்களுது' என்று நீட்டிக் காட்ட வீட்டு வரி ரசீதைத் தவிர வேறென்ன இருந்தது? ஆயா அந்தக் கட்டைக் கல்யாணப் பத்திரிகைகளோடு வைத்திருப்பது சும்மா இல்லை.

புது ரசீதை மடித்து மேலே வைத்தாள். நூல்கயிறு பத்தவில்லை. என் சட்டைப்பையிலிருந்த ரப்பர் பேண்டைக் கொடுத்தேன். வேண்டாம், அது வெயிலுக்கு இத்துப்போகும் என்று சொல்லிவிட்டு, புடவை ஓரத்திலிருந்து ஒரு நீள நூலை உருவினாள்.